நியமித்தது யார், படியளந்தது யார்? பிரெஞ்சுக் காலனிகளில் கத்தோலிக்க ஆயர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கொடி நட்ட இடங்களிலெல்லாம் ஒரு கத்தோலிக்க ஆயரும் இருந்தாரே, அவர் அரசின் கையாளா, அரசையே ஆட்டிவைத்தவரா, 1905இல் அரசும் திருச்சபையும் பிரிந்ததோடு அந்த உறவு அறுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவில் தொடங்கி வியட்நாம் வரை முந்நூறு ஆண்டுக் கதை இது. எல்லா ஆயர்களையும் ஒரே தராசில் போட்டால் எதுவும் புரியாது. ஒருவருடைய பெயரைக் கேட்டதும் அவருடைய பக்தி, குணம், நோக்கம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு நான் விசாரிப்பது இரண்டே விஷயம்: அவரை நியமித்தது யார்? அவருக்குப் படியளந்தது யார்? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரான்சுக்குள் ஆயர் என்பவர் பெரும்பாலும் மன்னரின் ஆள்தான். 1516இல் போப்புடன் செய்துகொண்ட பொலோஞா உடன்படிக்கைப்படி ஆயர்களின் பெயரை மன்னர் முன்மொழிவார், போப் உறுதிசெய்வார். புரட்சி எல்லாவற்றையும் கலைத்துப்போட்ட பிறகு, 1801இல் நெப்போலியன் செய்த உடன்படிக்கையும் அதே ஏற்பாட்டைத்தான் மீட்டது; கூடவே ஆயருக்கும் பங்குக்குருவுக்கும் அரசாங்கச் சம்பளம் வந்தது. 1905 வரை இதுதான் நிலை.

கடல் தாண்டிய இடங்களில் கணக்கு வேறு. ஆசியா முழுவதும் ஆயர்களை நியமிக்கும் உரிமை தனக்கே என்று போர்த்துக்கீசிய மன்னர் பிடித்த பிடியை விடவில்லை. அதை உடைக்க ரோம் 1622இல் மறைபரப்புப் பேராயம் என்ற தனி அலுவலகத்தைத் தொடங்கியது. பிறகு ஒரு தந்திரமும் செய்தது. கோவா, மலாக்கா என்று இருக்கிற மறைமாவட்டத்துக்கு ஆயரை அனுப்பினால்தானே சண்டை? எப்போதோ அழிந்துபோன, அல்லது கிறிஸ்தவர்கள் கைவிட்டுப்போன ஒரு பழைய நகரத்தின் பெயரில் ஒருவரை ஆயராக்கி, போப்பின் நேரடிப் பதிலாளாக ஆசியாவுக்கு அனுப்பிவிட்டால்? பிரான்சுவா பல்லு எலியோபோலிஸ் ஆயரானதும், அவரோடு பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக்கு அடித்தளமிட்ட லாம்பேர் த லா மோத் பெய்ரூட் ஆயரானதும் இப்படித்தான்.

1659இல் இந்தப் புதிய ஆயர்களுக்கு ரோம் எழுதிக்கொடுத்த அறிவுரை இன்று படித்தாலும் ஆச்சரியப்படுத்தும். விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமாக இல்லாதவரை மக்களின் பழக்கவழக்கங்களில் கைவைக்காதீர்கள். பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனர்களிடம் கொண்டுபோய் இறக்குவதைப் போன்ற அபத்தம் உண்டா என்று கேட்கிறது அந்தக் கடிதம். அரசியல் விவகாரங்களில் தலையிடவே கூடாது என்பதும் அதில் உண்டு. இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே சபையைச் சேர்ந்த ஆயர்கள் இருநூறு ஆண்டு கழித்து என்ன செய்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கனடா. பிரான்சுவா த லவால் 1658 டிசம்பரில் பெத்ரா ஆயராகப் பாரிஸில் அபிஷேகம் பெற்றார். மன்னரின் உரிமை பறிபோகிறது என்று பாரிஸ், ரூவான் நீதிமன்றங்கள் குதித்தன. பாரிஸ் பேராயரின் அதிகாரத்துக்கு உட்படாத ஒரு மடத்துக் கோவிலில், போப்பின் தூதரே சடங்கை முடித்துவைத்தார். மறு ஆண்டு ஜூனில் லவால் கியூபெக்கில் இறங்கினார்.

அங்கே அவரை ஆட்டிப்படைத்த பிரச்சினை சாராயம். பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்காகப் பூர்வகுடிகளிடம் பிராந்தியைக் கொடுத்து வியாபாரம் நடந்தது. தோல் இல்லாமல் காலனி இல்லை, பிராந்தி இல்லாமல் தோல் இல்லை என்பது வியாபாரிகளின் வாதம். நாம் கொடுக்காவிட்டால் ஆங்கிலேயனும் டச்சுக்காரனும் கொடுப்பான் என்பதும் சேர்ந்துகொண்டது. குடித்த ஊர்களில் கொலையும் குடும்பச் சிதைவும் பெருகுவதைக் கண்ட லவால், 1660இல் பூர்வகுடிகளுக்குச் சாராயம் விற்பவர்கள் சபைக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தார். ஆளுநர் தவோகூரும் முதலில் ஒத்துழைத்தார். 1661இல் பிராந்தி விற்ற குற்றத்துக்காக இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு அதே குற்றத்தில் ஒரு பெண் பிடிபட, சேசு சபைக் குரு ஒருவர் அவளுக்காகப் பரிந்து பேசப் போனார். அவளுக்குக் குற்றமில்லை என்றால் இனி யாருக்கும் குற்றமில்லை என்று ஆளுநர் முறுக்கிக்கொண்டு தடையையே விட்டுவிட்டார். லவால் சும்மா இருக்கவில்லை. கப்பலேறிப் போய் மன்னரிடம் முறையிட்டு ஆளுநரைத் திருப்பி அழைக்கச் செய்தார். புதிய ஆளுநராக மேசி என்ற தன் நண்பரையே பரிந்துரைத்துக் கூட்டி வந்தார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அந்த மேசியும் அவருக்குப் பரம எதிரியாகிவிட்டார். பதவி அப்படி.

1663இல் அமைந்த ஆட்சிக்குழுவில் ஆளுநருக்கு அடுத்து ஆயருக்கும் இருக்கை. அதே ஆண்டு அவர் குருமடம் தொடங்கி, அதன் செலவுக்காக விளைச்சலில் பதின்மூன்றில் ஒரு பங்கு தசமபாகம் கேட்டார். குடியேறிகள் கொதித்தெழ, அது இருபத்தாறில் ஒன்றாக இறங்கியது. சாராயத்தைப் பொறுத்தவரை கடைசியில் வென்றது வியாபாரம்தான். 1678இல் காலனியின் முக்கியப் புள்ளிகள் இருபது பேரைக் கூட்டிக் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையினர் விற்பனைக்கே ஆதரவாகப் பேசினார்கள். பூர்வகுடிகளின் ஊர்களுக்குள் கொண்டுபோய் விற்காதீர்கள் என்ற அரைகுறைத் தடையோடு மன்னர் முடித்துக்கொண்டார். மறைமாவட்டம் யாருக்குக் கீழ் என்ற விஷயத்தில் மட்டும் ரோம் விட்டுக்கொடுக்கவில்லை. 1674இல் கியூபெக் மறைமாவட்டம் உருவானபோது அதை ரூவான் பேராயரின் கீழ் வைக்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு எவ்வளவோ முயன்றும், அது நேரடியாகப் போப்பின் கீழ்தான் வந்தது. ஆயர் அரசின் கையாளா என்று கேட்பவர்களுக்கு லவால் ஒரு தொந்தரவான உதாரணம். காலனியை வளர்த்தார், அதன் லாபத்துக்குக் குறுக்கேயும் நின்றார்.

இனி நம் கடற்கரையைத் தொட்டுச் செல்லும் கதை. பியேர் பிஞ்ஞோ த பெஹேன் 1741இல் வடபிரான்சில் பிறந்தவர், பாரிஸ் மறைபரப்புச் சபைக் குரு. இன்றைய வியட்நாமின் தென்கோடியில் இருந்த ஒரு குருமடத்துக்குத் தலைவராகப் போனார். அங்கே உள்ளூர் அரசியலில் சிக்கி, கழுத்தில் மரச்சட்டம் மாட்டிச் சிறையில் கிடந்தார். பிறகு குருமடத்தையே யாரோ வந்து தாக்க, மிஞ்சிய மாணவர்களோடு தப்பி, மலாக்கா வழியாகப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1770இல் புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் குருமடம் மறுபடி முளைத்தது. வியட்நாமியருக்கும் சீனருக்கும் குருத்துவப் பயிற்சி, நம் மீனவக் குப்பத்தில், லத்தீன் மொழியில்! அங்கிருந்த காலத்தில்தான் அவர் உதவியாளர்களோடு வியட்நாமிய-லத்தீன் அகராதியைத் தொகுத்தார். 1774 பிப்ரவரியில் சென்னை சாந்தோமில் அவருக்கு ஆயர் அபிஷேகம். பட்டம்: அத்ரான் ஆயர். அதுவும் கைவிடப்பட்ட பழைய ஊரின் பெயர்தான்.

வியட்நாமுக்குத் திரும்பியவர் அங்கே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போருக்குள் இறங்கிவிட்டார். தாய்சோன் கிளர்ச்சியாளர்கள் ஆண்ட குடும்பத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். தப்பிப் பிழைத்த வாரிசு நுயென் ஆனுக்கு அடைக்கலம் கொடுத்தார் ஆயர். உறவு இறுகி, நுயென் ஆன் தன் மகன் கானையும் அரச முத்திரையையும் அவரிடம் ஒப்படைத்து, பிரான்சிடம் படை கேட்டு வரச் சொன்னார். 1785 பிப்ரவரியில் ஐந்து வயதுகூட நிறையாத இளவரசனோடு ஆயர் புதுச்சேரியில் வந்திறங்கினார். அங்கிருந்த பிரெஞ்சு நிர்வாகம் கையை விரித்தது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்துவிட்டு நேரே வெர்சாய்க்கே போய்விட்டார்கள்.

ஏழு வயது இளவரசன் அரண்மனையில் பெரிய வேடிக்கைப் பொருளானான். 1787இல் வரைந்த ஓவியம் பாரிஸ் மறைபரப்புச் சபை இல்லத்தில் இருக்கிறது. தலைப்பாகையும் ஜரிகை உடையுமாக நிற்கும் அந்தப் பையனைப் பார்த்தால் வியட்நாம் நினைவுக்கு வராது, நம்மூர் ஜமீன் வாரிசு என்றுதான் தோன்றும். 1787 நவம்பர் 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் 4 போர்க்கப்பல்களும் 1,650 வீரர்களும் அனுப்பும். பதிலுக்கு தூரான் துறைமுகமும் (இன்றைய தா நாங்) கொன்தோர் தீவும் கிடைக்கும். நுயென் ஆன் சார்பில் கையெழுத்துப் போட்டவர் ஆயர். ஒரு பிரெஞ்சுக் குடிமகன், ஆசிய மன்னனின் தூதராக, தன் சொந்த மன்னருடனேயே ஒப்பந்தம் செய்கிறார். கையாள் என்ற சொல்லுக்குள் இதை எப்படி அடைப்பது?

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியவர் புதுச்சேரி ஆளுநர் தாமஸ் கான்வே, அயர்லாந்துக்காரர். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனுக்கு எதிராகச் சதி செய்ததாகப் பேர் வாங்கிய அதே கான்வேதான். படையை அனுப்புவதா வேண்டாமா என்பதை உங்கள் விருப்பப்படி முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று அமைச்சர் அவருக்கு ரகசியமாக எழுதியிருந்தார். கஜானா காலி, பிரான்சில் புரட்சி மூளும் நேரம். ஆயர் புதுச்சேரியில் இருந்துகொண்டு மன்றாடியும் சண்டைபோட்டும் பார்த்தார், கான்வே அசையவில்லை. கடைசியில் ஆயரே வியாபாரிகளிடம் பணம் திரட்டி, ஆயுதம் வாங்கி, கடற்படையிலிருந்து விலகிவந்தவர்களையும் சாகசக்காரர்களையும் சேர்த்து அனுப்பினார். அவரும் இளவரசனும் 1789 ஜூலையில் வியட்நாம் சேர்ந்தபோது, பாரிஸில் பாஸ்டில் வீழ்ந்து சில நாள்களே ஆகியிருந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த ஆட்கள் கோட்டை கட்டினார்கள், கப்பல் கட்டினார்கள், பீரங்கிப் பயிற்சி கொடுத்தார்கள். நுயென் ஆன் வென்றதற்கு அவர்கள்தான் காரணம் என்று பிற்காலப் பிரெஞ்சு எழுத்துகள் அளந்துவிடும். உள்ளூர்ப் படைபலமும் நெல் விளையும் தென்னாடும் கையில் இருந்ததுதான் பெரிய காரணம் என்பேன். 1799 அக்டோபரில் குவிஞோன் முற்றுகையின்போது ஆயர் நோயில் இறந்தார். சைகோனில் யானைப்படை, காலாட்படை அணிவகுக்க மன்னனே முன்னின்று அடக்கம் செய்தான். 1802இல் நுயென் ஆன் கியா லாங் என்ற பெயரில் பேரரசர் ஆனார். கிறிஸ்தவர் ஆனாரா? இல்லை. ஆயர் வளர்த்த இளவரசன் 1789இல் திரும்பி வந்ததும் முன்னோர் பீடத்தின்முன் தலைவணங்க மறுத்து அரசவையையே அதிரவைத்தான். முன்னோர் வழிபாட்டுக்கு ரோம் விதித்திருந்த தடை அது. இந்தத் தடை இருக்கும்வரை எதுவும் நடக்காது என்று ஆயருக்கே பட்டு, பின்னாளில் அதைத் தளர்த்த வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தார். இளவரசன் 1801இல் அம்மையில் இறந்தான். அடுத்து அரியணை ஏறிய மின் மாங் காலத்தில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள்.

இந்த வேட்டைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குச் சாக்கானது. 1857இல் ஆயர் பெல்ரன் பாரிஸுக்குப் போய் மூன்றாம் நெப்போலியனையே சந்தித்து, படை அனுப்புங்கள் என்று கேட்டார். 1858 செப்டம்பரில் தூரான் தாக்கப்பட்டது. ஆயர் கப்பலிலேயே கூட வந்தார். கிறிஸ்தவர்கள் திரண்டு எழுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தது நடக்கவில்லை. காய்ச்சலும் பேதியும் வீரர்களைச் சாய்க்க, தளபதி ரிகோ த ஜெனூயி ஆயரின்மேல் பாய்ந்தார். அவர் பேச்சை ஒதுக்கிவிட்டுச் சைகோனைப் பிடிக்கக் கிளம்பினார். பெல்ரன் பினாங்குக்குப் போய் 1862இல் அங்கேயே இறந்தார். அரசியலில் தலையிடாதே என்று 1659இல் எழுதப்பட்டதே, அதற்கு நேர்ந்த கதி இது.

வடக்கே ஹனோயில் ஆயர் புஜினியே இன்னும் ஒரு படி மேலே போனார். டோங்கின் (வட வியட்நாம்) கிறிஸ்தவ நாடானால் அது ஒரு குட்டி பிரான்சாகிவிடும் என்ற பொருளில் அதிகாரிகளுக்கு அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். 1873இல் பிரான்சிஸ் கார்னியே என்ற கடற்படை அதிகாரி ஒரு சின்னப் படையோடு ஹனோய்க் கோட்டையைப் பிடித்தபோது, பிடித்த ஊர்களுக்கு நிர்வாகிகள் கிடைத்தது ஆயரின் தொடர்புகளால்தான். ஒரே மாதத்தில் கார்னியே கொல்லப்பட்டார், பிரான்ஸ் பின்வாங்கியது. கப்பல் போய்விட்டது, கிராமத்துக் கிறிஸ்தவன் எங்கே போவான்? ஊர் ஊராக எரிந்தது. 1885இல் மன்னரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு எழுந்த கிளர்ச்சியின்போது பல்லாயிரக்கணக்கான வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். மனுப் போட்டவர் ஆயர், விலை கொடுத்தவர் உபதேசியாரும் உழவரும். ஹனோய்ப் பேராலயம் நிற்கும் இடத்தில் முன்பு பாவோ தியென் என்ற பழைய பௌத்த ஆலயம் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியின் தயவில் அந்த நிலம் கைமாறி 1886 கிறிஸ்துமஸுக்குப் பேராலயம் திறக்கப்பட்டது. இந்த ஆயர்களை அரசு நியமிக்கவும் இல்லை, சம்பளம் கொடுக்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசின் உத்தரவுக்குக் கட்டுப்படாதவர்கள்தான் அரசைப் போருக்கு இழுத்தார்கள்.

அல்ஜீரியாவில் நேரெதிர். அங்கே ஆயர் அரசாங்கம் நியமித்த, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆள். 1830இல் அல்ஜியர்ஸைப் பிடித்தார்கள், 1832இல் கெச்சாவா மசூதியைக் கோவிலாக்கினார்கள். ஆனால் முஸ்லிம்களை மதம் மாற்றக் கிளம்பினால் கலகம் வரும் என்று ராணுவம் ஆயர்களின் கையைக் கட்டிவைத்தது. முதல் ஆயர் துப்யுஷ் 1838இல் நியமனம் பெற்று வந்து, இஷ்டத்துக்குச் செலவழித்து, கடன்காரர்கள் நெருக்கப் பதவி விலகி ஓடினார். 1867இல் வந்த சார்ல் லாவிஜெரி வேறு வார்ப்பு. நான்சியில் ஆயராக இருந்தவரை அல்ஜியர்ஸுக்குப் பரிந்துரைத்தவரே கவர்னர்-ஜெனரல் மக்மகோன். வந்த வருடமே பஞ்சமும் காலராவும். லாவிஜெரி ஆயிரத்துக்கு மேற்பட்ட அநாதைக் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார். பஞ்சம் தீர்ந்தபின் அவர்களை உறவினர்களிடம் திருப்பி அனுப்ப மறுத்தார். அரபுகளுக்கு நற்செய்தியைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்களைப் பாலைவனத்துக்குத் துரத்துங்கள் என்ற ரீதியில் பகிரங்கமாக எழுதவும் செய்தார். மக்மகோன் கொதித்தார், பேரரசர் தலையிட்டுச் சமாதானம் செய்ய வேண்டிவந்தது. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு மணமுடித்துக் கிறிஸ்தவ அரபுக் கிராமங்களை உருவாக்கினார். சுற்றியிருந்த சமூகத்தோடு ஒட்டாத தீவுகளாகவே அவை நின்றன.

1868இல் அவர் தொடங்கிய வெள்ளைத் தந்தையர் சபையினர் அரபு நீளங்கியும் மேலாடையும் அணிந்து, உள்ளூர் மொழி பேசி, அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்காமல் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. சகாராவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அவர்கள் வேரூன்றினார்கள். 1888இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஐரோப்பா முழுவதும் அவர் செய்த பிரசாரம் உண்மையான கோபத்திலிருந்து வந்தது என்று நம்புகிறேன். ஆப்பிரிக்கப் பங்கீட்டுக்கு அது நல்ல முலாம் பூசியதும் உண்மை. 1881இல் பிரான்ஸ் துனிசியாவை எடுத்துக்கொண்டபோது அங்கிருந்த இத்தாலிய ஆயரின் இடத்துக்கு லாவிஜெரி வந்தார். அங்கே வாழ்ந்த கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் இத்தாலியர், மால்டாக்காரர். அவர்களை ரோமில் இருந்த இத்தாலிய அரசு தன் பக்கம் இழுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பிரெஞ்சு ஆயர் தேவைப்பட்டார். பாரிஸில் துறவற சபைகளை விரட்டிக்கொண்டிருந்த அதே குடியரசு, துனிஸில் லாவிஜெரிக்குக் கதவைத் திறந்துவிட்டது. குருக்கள் எதிர்ப்பு ஏற்றுமதிச் சரக்கு அல்ல என்று குடியரசுத் தலைவர்களில் ஒருவரான அரசியல்வாதி கம்பெத்தா சொன்னதாக வழங்கும் வாக்கியத்தின் பொருள் இதுதான்.

அதற்குக் கைம்மாறும் லாவிஜெரி செய்தார். 1890 நவம்பர் 12, அல்ஜியர்ஸ். மத்தியதரைக் கடற்படை அதிகாரிகளுக்கு விருந்து. பெரும்பாலோர் முடியாட்சி விசுவாசிகள், குடியரசு என்றாலே முகம் சுளிப்பவர்கள். கர்தினால் லாவிஜெரி எழுந்து, மக்கள் விருப்பத்தால் அமைந்த ஆட்சியைக் கத்தோலிக்கர்கள் மனமார ஏற்க வேண்டும் என்று பேசிக் கோப்பையை உயர்த்தினார். அதிகாரிகள் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஏற்பாட்டின்படி பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக்குழு மார்செயேஸ் வாசித்தது. தேவாலயங்களைக் கொள்ளையிட்ட புரட்சியின் பாட்டு, ஒரு கர்தினாலின் வீட்டில். இது பதின்மூன்றாம் லியோ போப்பின் மனத்தை அறிந்து செய்த காரியம். 1892இல் போப்பே பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களுக்கு அதே அறிவுரையை எழுதினார். பிரான்சின் உள்நாட்டு அரசியலைத் திருப்ப ஒரு காலனி ஆயரைப் பயன்படுத்தினார்கள் என்பது இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுச்சேரி எங்கே வருகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில். 1776இல் சேசு சபையினரிடமிருந்து மிஷனை எடுத்துக்கொண்ட பாரிஸ் சபையின் ஆயர்களுக்குப் பிரெஞ்சு நகரத்தில் வீடு, ஆனால் மந்தையில் பெரும்பகுதி ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடு, சேலம் பக்கம். பிரெஞ்சு அரசைத் தூக்கிப்பிடித்தால் பிரிட்டிஷ் கலெக்டரிடம் காரியம் நடக்காது. அதனாலேயே வியட்நாம் ஆயர்களைப் போல இங்கே யாரும் ஆடவில்லை. ஆயர் பொன்னான் 1844இல் கூட்டிய புதுச்சேரி ஆயர் மன்றம் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது, பள்ளி நடத்துவது பற்றித்தான் பேசியது. கோயம்புத்தூருக்கு வந்த மரியோன் பிரேசியாக் இந்தியக் குருக்களுக்கே பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்று வாதாடி, சாதிச் சடங்குகள் பற்றிய சர்ச்சையிலும் மனம் நொந்து, பதவியை விட்டுப் போய் 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். இத்தனைக்குப் பிறகும் புதுச்சேரிக்கு முதல் இந்தியப் பேராயராக அம்புரோஸ் ராயப்பர் வந்தது 1955இல்தான், பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த மறு ஆண்டு. வியட்நாமுக்கு முதல் சொந்த ஆயர் 1933இல் கிடைத்துவிட்டார்.

கடைசிக் கேள்வி, 1905. பிரான்சுக்குள் சம்பளம் நின்றது, நியமனத்தில் அரசின் கை விலகியது. அல்ஜீரியாவில் 1907இல் ஆணை வந்தாலும் மதகுருக்களுக்குத் தற்காலிகப் படி என்ற பெயரில் பணம் தொடர்ந்தது. முஸ்லிம் இமாம்களைக் கைக்குள் வைத்திருக்க அரசுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அரசின் பிடி தளர்ந்ததன் பலனை அதே அல்ஜியர்ஸில் பார்க்கலாம். 1954இல் பேராயரான லியோன்-எத்தியென் துவால், மறு ஆண்டு ஜனவரியிலேயே கைதிகளைச் சித்திரவதை செய்வதைக் கண்டித்து அறிக்கை விட்டார். குடியேறிகள் அவரை முகமது துவால் என்று கேலி பேசினார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் கெச்சாவா மீண்டும் மசூதியானது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். துவால் அல்ஜீரியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கி 1996இல் இறந்தார். லாவிஜெரி இருந்த அதே பதவி. நியமித்தது ரோம் மட்டும்.

பிரெஞ்சு கயானாவுக்கோ 1905 சட்டம் போய்ச் சேரவே இல்லை. பத்தாம் சார்ல் மன்னர் 1828இல் போட்ட ஆணைதான் அங்கே செல்லுபடியாகிறது. அதன்படி கத்தோலிக்க ஆயருக்கும் குருக்களுக்கும் இன்றும் பொதுப்பணத்திலிருந்துதான் சம்பளம். மற்ற மதங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளூர் நிர்வாகம் வழக்குப் போட்டுப் பார்த்தும் ஆணை அசையவில்லை.